புதுப் பாட்டு வெளியீடு: முன்னால் பாடிய இரண்டு குழுக்களையும் தவறவிடாதீர்கள்

எங்கள் பகுதி இண்டி குழு (பெரிய நிறுவனங்களைச் சாராமல் சொந்தமாக இசை வெளியிடும் குழு) ஒன்றின் புதுப் பாட்டு வெளியீட்டுக்குப் போயிருந்தேன். சீக்கிரமே போனது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் முதலில் வந்த பெண் ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரோடு அரை மணி நேரம் அந்தச் சின்ன அரங்கையே கட்டிப் போட்டுவிட்டார்.

இரண்டாவது குழுவுக்குத்தான் கஷ்டம். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து பாடகரின் குரலை அப்படியே விழுங்கிவிட்டன. காலி அரங்கில் சவுண்ட் செக் செய்யும்போது சரியாகக் கேட்பது, கூட்டம் நிறைந்ததும் மாறிவிடும். மனித உடலும் துணியும் உயர் ஸ்தாயி ஒலிகளை உறிஞ்சிவிடும், பேஸ் போன்ற தாழ் ஸ்தாயி ஒலி மட்டும் அவ்வளவாகக் குறையாது. மூன்றாவது பாட்டில் யாரோ பேஸைக் குறைத்தார்கள், அப்புறம்தான் வரிகளே புரிந்தன. நல்ல வரிகள்!

சரி, முக்கியமான குழு. புதுப் பாட்டைக் கடைசிக்கு வைக்காமல் நடுவிலேயே வாசித்தது எனக்கு மிகவும் பிடித்தது. டிரம்ஸ் முழுக்க நின்றுபோய் இரண்டு குரல்கள் மட்டும் தொடரும் இடத்தில் உடம்பு சிலிர்த்தது, கடைசியில் கூட்டம் கேட்டதற்காக அதையே இன்னொரு முறை வாசித்தார்கள்.

போகிறவர்கள் காது அடைப்பான் எடுத்துப் போங்கள். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் சுமார் 15 நிமிடம்தான். ஸ்பீக்கரை ஒட்டி நிற்காமல் ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நின்றால் பாட்டும் தெளிவாகக் கேட்கும்.