வருடத்துக்கு மூன்று முறை ஏசிக்கு கேஸ் அடிப்பவர்கள் கவனத்துக்கு

மணவாளக்குறிச்சிப் பக்கம் எங்கள் வீடு. மாடியில் நின்றால் கடல் தெரியும். அம்மாவுக்கு வெக்கை தாங்கவில்லை என்று போன வருடம் ஏப்ரலில் நாகர்கோவிலில் ஒரு கடையில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி வாங்கினோம். மாட்டுவதற்குக் கடையே ஆள் அனுப்பியது. கூலி 1,800 ரூபாய். முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, "அண்ணாச்சி, ரூம் ஊட்டி மாதிரி ஆயிரும் பாருங்க" என்றார் வந்த பையன். அந்த முக்கால் மணி நேரத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் குளிர் குறைந்தது. அதே பையன் வந்து பிரஷர் பார்க்கும் கேஜைப் போட்டுப் பார்த்து, "கேஸ் இறங்கிருச்சி" என்று 2,600 வாங்கினார். டிசம்பரில் மறுபடி. மார்ச்சில் மறுபடி. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "கடல்காத்து அண்ணாச்சி, இந்தப் பக்கம் எல்லா வீட்லயும் இப்படித்தான்." உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிற ஊரில் நம்பாமல் என்ன செய்ய?

மஸ்கட்டில் ஏசி வேலை பார்க்கும் மைத்துனன் லீவில் வந்தான். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "கேஸ் என்ன பெட்ரோலா அத்தான், ஓட ஓடத் தீர? அது மூடின பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு கிடக்கும். குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுக்கை அடைக்காம நிரப்பினா ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிச்ச மாதிரிதான்."

பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, அவுட்டோர் யூனிட்டில் காப்பர் பைப் சேரும் நட்டில் தடவினான். அந்த நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கறுப்பாக ஒட்டியிருந்ததை நான் அதுவரை அழுக்கு என்றே நினைத்திருந்தேன். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கசிந்த தடம் அது. கொஞ்ச நேரத்தில் கடுகளவு குமிழ் ஒன்று வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. மிச்ச கேஸை இறக்கி நட்டைக் கழற்றினால், விரித்த பைப் முனையில் தலைமுடி போல ஒரு வெடிப்பு. 7,800 ரூபாய் அது வழியாகத்தான் போயிருக்கிறது.

"மாட்டும்போது வேக்குவம் போட்டானா?" என்றான். பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பதுதான் வேக்குவம்; அதற்கான பம்ப் எதையும் நான் பார்த்ததே இல்லை. நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஆலன் கீயால் வால்வைத் திருப்பி 'புஸ்' என்று ஒரு சத்தம் வரவிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கேஸைக் கொண்டே காற்றைத் தள்ளிவிடும் குறுக்குவழியாம் அது. உள்ளே காற்று தங்கினால் பிரஷர் ஏறும். ஈரம் தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரின் உள்சுற்றை அரிக்கும். பம்பை மாட்டி இருபது நிமிடமாவது ஓட்டி, நிறுத்தியபின் கேஜின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கே அந்த முக்கால் மணியில் பாதி போய்விடும்.

அவுட்டோரை வைத்த இடமும் தப்பு. எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்கும் நடுவே, ஃபேனுக்கு எதிரே ஒன்றரை அடிதான். வெளியே தள்ளும் சூட்டை அதுவே திரும்ப இழுத்துக்கொள்கிறது. மாடியில் வைத்தால் கூடுதல் பைப்புக்குக் காசு என்றார்கள், நான் தலையை ஆட்டிவிட்டேன். அதில் என் பங்கும் உண்டு. ஸ்டாண்டோ வெறும் இரும்பு ஆங்கிள். ஒரே மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காகத் துரு. ஒக்கி புயலைப் பார்த்த ஊரில், நாற்பது கிலோ எடையை அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. மார்ச்சில் மதிய நேரம் கம்ப்ரசர் அடிக்கடி நின்றது. அந்தப் பையன் ஏதோ செய்தார், அப்புறம் நிற்கவில்லை. கெட்டிக்காரன் என்று நினைத்தேன். மெயினை அணைத்துவிட்டு மைத்துனன் மூடியைத் திறந்தபோதுதான் தெரிந்தது: சூடு மிஞ்சினால் கம்ப்ரசரை நிறுத்தும் ஓஎல்பியை ஒரு துண்டு வயரால் தாண்டிவிட்டிருக்கிறார். உள்ளே இருப்பது ஆர்32 கேஸ். சட்டென்று பற்றாது, ஆனால் பற்றும் வகை. போதாததற்கு, கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச் ஏசிக்கென்று தனியாக இல்லை, எர்த் வயரை எங்கேயும் சேர்க்கவே இல்லை. இது கஞ்சத்தனம் இல்லை, அக்கிரமம்.

இப்போது யூனிட் மாடியில், துருப்பிடிக்காத ஸ்டாண்டில், ஆங்கர் போல்ட்டில் நிற்கிறது. முன்னால் நாலடி வெட்டவெளி. புது ஓஎல்பி, தனி எம்சிபி. பைப் முனையைப் புதிதாக விரித்து, வேக்குவம் போட்டு, பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்து கேஸ் ஏற்றினான். நாலு மாதமாகிறது, குளிர் குறையவில்லை. கடல்காத்தும் அதே கடல்காத்துதான்.

கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து மூன்று வாரம் ஆயிற்று. பதில் இல்லாததால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். என் கையில் இருக்கும் மூன்று ரசீதிலும் 'கேஸ் சார்ஜ்' என்று மட்டும்தான் இருக்கிறது. எத்தனை கிராம் என்றோ, எங்கே ஒழுகியது என்றோ ஒரு வரி கிடையாது. நீங்களாவது பணம் கொடுக்கும் முன் அந்த இரண்டையும் எழுதி வாங்குங்கள்.