ஒரு சிங்கிள் ரோப்பா, இரண்டு ஹாஃப் ரோப்பா: ஆல்ப்ஸ் பாறைகளுக்கு எதை எடுத்துப் போவது?

மோன் பிளாங்க் மலைத்தொகுதியின் கிரானைட் பாறைகளில் ஏறுவதற்காக நானும் என்னோடு ஏறும் நண்பரும் புதிதாகக் கயிறு வாங்க வேண்டியிருந்தது. அலசிப் பார்த்ததில் இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று, 9 மில்லிமீட்டர் சொச்சம் தடிமனில், தனியாகவே பயன்படுத்தும் ஒரு சிங்கிள் ரோப், அதோடு இறங்கும்போது கயிற்றை இழுத்தெடுக்க 6 மில்லிமீட்டர் துணைக்கயிறு. இன்னொன்று, 8 மில்லிமீட்டர் சொச்சத்தில், ஜோடியாகப் பயன்படுத்தும் இரண்டு ஹாஃப் ரோப். நாங்கள் ஹாஃப் ரோப் ஜோடியை வாங்கினோம். உயர்ந்த மலையில் பல பிட்ச் (ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறும் பகுதி) ஏறுகிறவர்களுக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

துணைக்கயிறு இல்லாமல் சிங்கிள் ரோப் மட்டும் போதாதா என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் போதாது. 60 மீட்டர் கயிற்றை மடித்துப் போட்டால் 30 மீட்டர்தான் ராப்பெல் செய்ய, அதாவது கயிற்றில் இறங்க, முடியும். இந்தப் பாறைகளில் கயிற்றை மாட்டும் ஆங்கர்கள் 45, 50 மீட்டர் இடைவெளியில் இருப்பது சாதாரணம். ஏறுவழிக் குறிப்புகளில் ‘2×50 மீ’, அதாவது 50 மீட்டரில் இரண்டு கயிறு, என்று போட்டிருப்பது அதனால்தான்.

எடையைச் சொல்லித்தான் பலரும் சிங்கிள் ரோப் பக்கம் இழுப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பெரிதில்லை. 9.1 மில்லிமீட்டர் கயிறு 60 மீட்டருக்குச் சுமார் 3.2 கிலோ வரும். அதோடு துணைக்கயிறு ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஹாஃப் ரோப் இரண்டும் சேர்ந்து 5 கிலோ சொச்சம். அரை கிலோவுக்காக இவ்வளவு விவாதம் தேவையில்லை. ஹாஃப் ரோப்பை ஆளுக்கொன்றாகப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் நடையில் சுமையும் சமமாகிவிடுகிறது.

விழுந்தால் தாங்குவதைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. சிங்கிள் ரோப்பை 80 கிலோ எடையை விழவைத்துச் சோதிக்கிறார்கள்; உச்ச விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. ஹாஃப் ரோப்பின் ஒரு இழையை 55 கிலோவால் சோதிக்கிறார்கள்; வரம்பு 8 கிலோநியூட்டன். எடையே வேறு என்பதால், அட்டையில் போட்டிருக்கும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இது மென்மையானது’ என்று முடிவுகட்ட முடியாது. ஆனாலும் மெல்லிய ஒற்றை இழை அதிகம் நீளும். அதனால் பிளவில் அரைகுறையாக உட்கார்ந்திருக்கும் உலோக ஆப்பான ஒரு நட் மேலோ, பாறையில் அடித்த பழைய ஆணியான பித்தான் மேலோ விழும் சுமை குறைகிறது என்பது உண்மை.

வளைந்து வளைந்து போகும் வழிகளில் ஹாஃப் ரோப்பின் அருமை உடனே தெரியும். இடப்பக்கத்துப் பிடிமானங்களுக்கு ஒரு கயிறு, வலப்பக்கத்துக்கு இன்னொன்று என்று மாட்டிக்கொண்டே போனால் இரண்டும் ஏறக்குறைய நேராக ஓடும். டோலமைட் மலைகளின் பழைய வழிகளில் பித்தான் இருக்கும் இடத்தைத் தேடித்தான் போக வேண்டும். அங்கே ஒற்றைக் கயிறு இசட் வடிவத்தில் மடங்கினால் முதலில் ஏறும் லீடர் பிட்சின் கடைசிப் பத்து மீட்டரில் பாறையை விடக் கயிற்றோடுதான் அதிகம் போராடுவார்.

இதெல்லாம் இருக்கட்டும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஏற்றம் இல்லை, இறக்கம்.

1937 ஜூலையில் சுவிஸ்-இத்தாலி எல்லையிலுள்ள பீட்ஸ் பாதிலேயின் வடகிழக்கு முகத்தை முதன்முதலில் ஏறிய இத்தாலிய மலையேறி ரிக்கார்தோ கஸ்ஸின் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் 3308 மீட்டர் உச்சியைத் தொட்டார்கள். மொல்தேனி, வல்செக்கி என்ற இரண்டு பேர் தெற்குப் பக்கம் இறங்கும்போது புயலில் சோர்ந்து இறந்துபோனார்கள். அந்த முகத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இறக்கம்தான். கோடையில் ஆல்ப்ஸில் மதியத்துக்கு மேல் இடிமழை திரள்வது வாடிக்கை. வழியின் நடுவிலிருந்தே திரும்ப வேண்டிவந்தால், பழக்கமில்லாத ஆங்கர்களிலிருந்து, நனைந்த கயிற்றில், அவசரமாக இறங்க வேண்டும்.

அப்போது இரண்டு முறையும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க வேண்டும். துணைக்கயிற்று முறையில் சிங்கிள் ரோப்பை ஆங்கர் வளையத்தில் கோத்து, மறுபக்கம் மெல்லிய கயிற்றோடு முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு வளையத்தில் தடைபட்டு நிற்கும். பெரிய வளையமாக இருந்தால் முடிச்சு நழுவி உள்ளே போய்விடக்கூடும் என்பதால் காராபினர் என்ற உலோகக் கொக்கியையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். தடித்த கயிற்றில் மட்டும் இறங்கி, கீழே வந்ததும் மெல்லியதை இழுக்க வேண்டும். ஈரக் கையில் 6 மில்லிமீட்டர் கயிறு சரியாகப் பிடிபடாது. காற்று அடித்தால் அது பாறையைச் சுற்றிப் பறந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பிளவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இழுக்கும்போது சிக்கினால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். தடித்த கயிற்றின் நுனி கைக்கெட்டாத உயரத்துக்குப் போன பிறகு சிக்கினால், கையில் மிஞ்சுவது அந்த மெல்லிய துணைக்கயிறு மட்டும். அது விழுதலைத் தாங்கச் செய்ததில்லை. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு லீட் ஏற முடியாது. ஹாஃப் ரோப் ஜோடியில், எதை இழுத்தாலும் கீழே வந்து சேர்ந்திருப்பது ஏறத் தகுந்த கயிறு.

ஆன்வேர் தே ஐகுய் குடிலுக்கு மேலே உள்ள கிரானைட்டில் எங்களுக்கு இது நடந்தது. ஒரு மூலைப் பிளவுக்குள் ராப்பெல் செய்து இறங்கி, நீலக் கயிற்றை இழுத்தோம். சிவப்பின் நுனி மேலே போய் வளையத்தைத் தாண்டி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அசையவில்லை. கைவிரல் தடிமனுக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு செதிலுக்குப் பின்னால் நுனி போய் மாட்டியிருந்தது. உதறிப் பார்த்தோம், ஆங்கரிலிருந்து முடிந்தவரை பக்கவாட்டில் நகர்ந்து அலையடித்துப் பார்த்தோம். கடைசியில் நண்பர் கீழே வந்திருந்த நீலக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நான் பிலே செய்ய (கயிற்றைப் பிடித்துப் பாதுகாக்க), பிளவில் விரிந்து பிடிக்கும் இரண்டு கேம் வைத்து செதில் வரைக்கும் ஏறி நுனியை விடுவித்தார். கால்மணி நேர வேலை. துணைக்கயிற்றோடு போயிருந்தால் அதே இடத்தில் என்ன செய்திருப்போம் என்று அன்று இரவு குடிலில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மாட்டியிருந்த கயிற்றை நம்பி அதிலேயே தொங்கி ஏறுவது, அல்லது மீட்புக்கு அழைப்பது. இரண்டுமே வேண்டாம் என்று தோன்றியது.

ஹாஃப் ரோப் இன்னும் சில வகையில் உதவுகிறது. மேர் தே கிளாஸ் போன்ற பனியாற்றைக் கடக்க ஒன்றை மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம், மற்றது பையிலேயே இருக்கலாம். மூன்று பேராகப் போனால் லீடர் இரண்டையும் இழுத்துப் போக, பின்னால் வரும் இருவரும் ஆளுக்கொரு இழையில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஏறலாம். கல் விழுந்து ஒரு இழை அறுந்தாலும் இன்னொன்று இருக்கும்.

தொல்லைகளும் உண்டு. சின்ன ஆங்கர் மேடையில் இரண்டு கயிறும் பின்னிக்கொள்ளும். பிலே செய்பவர் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே மற்றதை இழுக்கப் பழக வேண்டும். இது கைக்கு வர ஒரு பருவமாவது ஆகும். கிரிகிரி மாதிரியான, விழுந்தால் கயிற்றைப் பூட்டிப் பிடிக்கும் பிலே கருவிகள் ஒரு கயிற்றுக்குத்தான். உறை மெல்லியது என்பதால் கிரானைட்டில் சீக்கிரம் முடிமுடியாகப் பிரியத் தொடங்குகிறது. வாங்கும்போது நீர் விலக்கும் பூச்சு கட்டாயம். மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏயின் நீர் விலக்கு முத்திரை இருந்தால், சோதனையில் கயிறு தன் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சவில்லை என்று பொருள். நிறம் இரண்டும் தூரத்திலிருந்தே பிரித்தறியும்படி இருக்கட்டும். ‘நீலத்தை இழு’ என்று கத்தும்போது சந்தேகமே வரக் கூடாது.

சிங்கிள் ரோப்பே மேல் என்று சொல்லக்கூடிய இடங்களும் இருக்கின்றன. மோன் பிளாங்க் மலைத்தொகுதியின் ஐகுய் து மிதியின் தெற்கு முகத்தில் பிரெஞ்சு மலையேறி ரெபூஃபா 1956இல் போட்ட வழி நல்ல உதாரணம்: பிளவுகள் நேர், நீளம் குறைவு, கேபிள் கார் நிலையம் பக்கத்திலேயே. பிரான்ஸின் எக்ராங் பகுதியிலுள்ள ஐகுய் திபோனா சிகரத்தில் பின்பக்கம் ஒரு ராப்பெல் செய்துவிட்டால் அப்புறம் நடைதான். போல்ட் அடித்த கடினமான வழியில் திரும்பத் திரும்ப விழுந்து பழகுவதாக இருந்தாலும், குறைவாக நீளும் தடித்த கயிறே வசதி. முகட்டு வழிகளில் இருவரும் சேர்ந்தே நகரும்போதும் இரண்டு கயிறு இடைஞ்சல்.

9 மில்லிமீட்டருக்கும் குறைவாக, சிங்கிள், ஹாஃப், ட்வின் (இரண்டு கயிற்றையும் சேர்த்தே மாட்டுவது) மூன்று முத்திரையும் பெற்ற கயிறுகள் இப்போது கிடைக்கின்றன. இரவல் வாங்கிச் சில வழிகளில்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் எத்தனை பருவம் உழைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்று அந்த மாதிரிக் கயிறு, மற்றது வழக்கமான ஹாஃப் ரோப் என்று கலந்து எடுத்துப்போகிறவர்களைக் குடில்களில் பார்க்கிறேன். பனியாற்றுக்கும் முகட்டுக்கும் முதல் கயிறு மட்டும், பெரிய முகத்துக்கு இரண்டும். எங்கள் ஜோடி தேய்ந்துபோனால் அடுத்து அதைத்தான் யோசிப்போம். இரண்டாவது கயிறு ஏறத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.