செட்டிநாட்டு வீட்டு பில்லியர்ட்ஸ் கியூ என்று விளம்பரம் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்

போன மாதம் 42,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய பில்லியர்ட்ஸ் கியூ (பந்தை அடிக்கும் கோல்) வாங்கி ஏமாந்துவிட்டேன். விற்ற ஆள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் காரைக்குடிக்காரன். இருபது வருடமாக ஸ்நூக்கர் ஆடுகிறேன். பழைய கியூ மீது ஆசை உண்டு, வீட்டில் மூன்று வைத்திருக்கிறேன். இணைய விற்பனைத் தளத்தில் பார்த்த விளம்பரத்தில் இருந்தது இதுதான்: "கானாடுகாத்தான் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டுப் பரணிலிருந்து எடுத்தது. வீட்டுப் பெரியவர் 1925இல் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். வால்டர் லிண்ட்ரம் கியூ. ஆஷ் மரம், கருங்காலிக் கைப்பிடி, யானைத் தந்தத்தில் பேட்ஜ்." படத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அதன்மேல் கியூ, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு.

வேறு ஊர்க்காரர் என்றால் சந்தேகப்பட்டிருப்பார். எனக்கு அது நம்பும்படி இருந்தது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள் என்னவெல்லாம் கொண்டுவந்தார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வீடு பங்கு பிரியும்போது பெல்ஜியம் கண்ணாடியும் எனாமல் தூக்குச் சட்டியும் முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு வருவதை சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பில்லியர்ட்ஸ் மேஜை போட்ட வீடுகளும் உண்டு. அப்படியிருக்க ஒரு கியூ ஏன் வரக்கூடாது என்று நினைத்தேன். நேரில் பார்க்க வரட்டுமா என்று கேட்டதற்கு, வீட்டில் பங்காளிச் சண்டை, இப்போது வேண்டாம் என்றார். அதுகூட இயல்பாகத்தான் பட்டது. தளத்தின் வழியாகக் கட்டாமல் நேராக ஜிபேயில் அனுப்பினால் 3,000 குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். அனுப்பினேன்.

பார்சல் வந்தது. முதலில் கண்ணில் பட்டது பேட்ஜ், கியூவில் பதிக்கிற சின்னப் பெயர்த்தகடு. 'வால்டர் லிண்ட்ரம், உலக சாதனை, 4137' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. லிண்ட்ரம் ஆஸ்திரேலிய பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர். லண்டன் தர்ஸ்டன்ஸ் அரங்கில் இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜோ டேவிஸுக்கு எதிராக ஒரே பிரேக்கில், அதாவது தவறவிடாமல் ஒரே தொடராக ஆடி, 4,137 புள்ளி எடுத்தார். அது நடந்தது 1932 ஜனவரியில். 1925இல் ரங்கூனில் வாங்கிய கியூவில் அந்த எண் எப்படி வரும்? விளம்பரப் படத்தில் பேட்ஜ் மங்கலாகத்தான் இருந்தது. கிட்டத்தில் ஒரு படம் கேட்டிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

சரி, வருடத்தைப் பெரியவர்கள் மாற்றிச் சொல்லியிருக்கலாம், பொருள் உண்மையாக இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியின் அடியில் சூடு போட்டு எழுதினதுபோல் தமிழில் ஒரு பெயர். சீர் சாமான்களில் பெயர் வெட்டும் வழக்கம் நம் பக்கம் உண்டே, அதே மாதிரி. பெயரை இங்கே எழுதவில்லை, அந்தப் பெயருள்ள குடும்பத்துக்கு இதில் ஒரு சம்பந்தமும் இருக்காது. அதில் 'லை' என்ற எழுத்து வருகிறது. இப்போது நாம் எழுதுகிற அதே 'லை'. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை 'லை', 'ணை', 'னை' எல்லாம் தும்பிக்கை போட்டுத்தான், அதாவது ஐகாரக் குறியை யானைத் தும்பிக்கை மாதிரி எழுத்தோடு சேர்த்து வளைத்துத்தான், எழுதினோம். எங்கள் அப்பத்தா கொண்டுவந்த பித்தளை அண்டாவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் தும்பிக்கை அப்படியே வளைந்து நிற்கிறது. இந்த கியூவில் இல்லை. அதற்குமேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் மரத்தையும் பார்த்துவிடலாம் என்று எங்கள் தெரு ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் விரலால் கைப்பிடியைத் தடவினார். "தம்பி, கறுப்பும் வெள்ளையும் சேருற இடத்துல இணைப்பு ரேகையே இல்லையேப்பா" என்றார். பிறகு ஓரத்தில் உளியால் ஒரு நெல்லளவு சீவினார். கருங்காலி என்றால் சீவலும் உள்ளே கறுப்பாகவே வரும். இதில் மேல்தோல் மட்டும் கறுப்பு, உள்ளே வெளிறிய மரம். முகர்ந்து பார்த்து, "ஷூ பாலிஷ் போட்டிருக்கான்" என்றார்.

கைப்பிடி இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், போலியில் பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். கையால் இணைத்த கியூவில் கருங்காலி மேலே ஏறி முடிகிற முனை வளைவாக இருக்கும், நான்கு முனையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே உயரத்தில் நிற்காது. இயந்திரத்தில் இணைத்தது கூர்மையான பல்பல்லாக இருக்கும். அதுவும் நிஜமான இணைப்புதான், பழைய கியூக்களிலும் உண்டு. இரண்டிலும் மரம் மரத்தோடு சேருகிற ரேகை தெரியும். என்னுடையதில் அந்த வடிவத்தை வெறும் பெயிண்டால் வரைந்திருந்தார்கள். தண்டிலும் அப்படித்தான். ஆஷ் மரத்தில் அம்புமுனை அடுக்கினதுபோல் ரேகை ஓடும். மேப்பிளில் அவ்வளவு தெரியாது, ஆனால் இவர் ஆஷ் என்றுதான் எழுதியிருந்தார். ஒரு அம்புகூட இல்லை.

தந்த பேட்ஜ் என்பதும் பொய். அதில் எனக்கு நிம்மதிதான். உண்மையான தந்தமாக இருந்திருந்தால் வாங்கிய நானும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டியிருப்பேன். நம் நாட்டில் தந்த வியாபாரம் குற்றம், எத்தனை வருடம் பழையதென்று சொன்னாலும் சரி. அந்தக் கால பேட்ஜுகள் பெரும்பாலும் தந்தம் மாதிரி தெரிகிற செல்லுலாய்டு. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். அப்புறம் பேட்ஜை மட்டும் கழற்றி வேறு கியூவில் ஒட்டிவிடவும் முடியும். அதனால் பேட்ஜ் உண்மை என்றாலும் கியூ உண்மை என்று ஆகாது. லிண்ட்ரம் பெயர் இருப்பதால் அவர் தொட்ட கியூ என்றும் அர்த்தமில்லை. ஆட்டக்காரர் பெயரைப் போட்டுக் கம்பெனிகள் கடைக்குக் கடை விற்ற சரக்கு அது.

அமெரிக்க பூல் கியூ தேடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஜார்ஜ் பாலபுஷ்கா நியூயார்க் புரூக்ளினில் கையால் செய்தவர், 1975இல் இறந்துவிட்டார். அவர் பெயரை உரிமம் வாங்கித் தொழிற்சாலைகள் பிறகு செய்த கியூக்கள் வேறு. இரண்டுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். பெயரை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

விற்றவருக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, அப்புறம் பிளாக். தளத்தில் புகார் செய்தேன், பணம் வெளியே அனுப்பியதால் தங்களால் ஒன்றும் முடியாது என்றார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். ஆனால் அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. யாருக்காவது இப்படி ஆனால் பணம் போன அன்றே அழையுங்கள், எதிராளி கணக்கை முடக்க அப்போதுதான் வாய்ப்பு அதிகம்.

நேற்று இரவு வேறு பெயரில் ஒரு புது விளம்பரம் வந்திருக்கிறது. இந்த முறை பள்ளத்தூர் வீடு, 1930, சிங்கப்பூர்க் கப்பல். அதே குத்துவிளக்கு, அதே ஆத்தங்குடித் தரை. விளக்கின் இடது பக்கம் உள்ள கல்லில் பச்சைப் பூவின் ஒரு இதழ் உடைந்திருக்கும். அந்தப் படம் கண்ணில் பட்டால் உடனே புகார் கொடுங்கள்.