காந்தம் ஒட்டாததெல்லாம் எவர்சில்வர் அல்ல

ஜன்னல் கைப்பிடி மாற்ற ஆளை அழைக்கப்போகிறவர்கள், அதிலும் கடற்கரை ஓரத்தில் குடியிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அழையுங்கள். 10,850 ரூபாய் போனதை நான் ஒருவாறு ஆற்றிக்கொண்டேன். 82 வயது அப்பாவின் மணிக்கட்டு எலும்பில் விழுந்த கீறலைத்தான் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வீடு சென்னை கொட்டிவாக்கத்தில், கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. வெள்ளை யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல்கள் ஐந்து. எல்லாம் வெளிப்பக்கமாகத் திறப்பவை. உள்ளே இரும்புக் கிரில். ஒன்பது ஆண்டு உப்புக்காற்றில் கைப்பிடிகளின் பூச்சு உரிந்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தன. அப்பாவின் கட்டிலை ஒட்டிய ஜன்னலையும் சமையலறை ஜன்னலையும் பூட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில், லிஃப்ட் அருகே ஒட்டியிருந்த துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து அந்த எண்ணுக்கு அழைத்தேன். மறுநாள் காலையிலேயே ஒருவர் பையுடன் வந்துவிட்டார்.

அப்பாவின் அறை ஜன்னலை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூடிய நிலையிலேயே கைப்பிடியை இரண்டு முறை அசைத்துவிட்டு, "கியர் பெட்டி போய்விட்டது மேடம்" என்றார். கைப்பிடியைத் திருப்பும்போது பூட்டுமுளைகளை நகர்த்த, கதவுக்குள் மறைந்திருக்கும் பெட்டி அது. சமையலறையிலும் அதே தீர்ப்பு. கைப்பிடிகளை ஐந்துக்கும் மாற்றிவிடலாம், கடற்கரைக்கு ஏற்ற 316 தர எவர்சில்வர் கைவசம் இருக்கிறது, துருப்பிடித்தால் பத்து ஆண்டுக்கு நான் பொறுப்பு என்றெல்லாம் சொன்னார். கைப்பிடி ஒன்று 1,250 ரூபாய். கியர் பெட்டி ஒன்று 1,800. கூலி ஜன்னலுக்கு 200.

விலை அதிகமாக இருக்கிறதே தம்பி என்று தயங்கினேன். அவர் சட்டைப் பையிலிருந்து பொத்தான் அளவில் ஒரு காந்தத்தை எடுத்தார். கிரில் கம்பியில் வைத்தார், டக்கென்று ஒட்டியது. புதுக் கைப்பிடியின் மேல் வைத்தார்; வழுக்கிக் கீழே விழுந்தது. "பாருங்கள் மேடம், இரும்பாக இருந்தால் பிடித்திருக்குமே. அசல் எவர்சில்வர்." கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவும் தலையசைத்தார். பளபளவென்று கனமாக இருந்த அந்தக் கைப்பிடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நான் சரி என்றேன்.

தூசி பறக்கும் என்று சொல்லி அப்பாவைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய கைப்பிடிகளையும் பழைய கியர் பெட்டிகளையும், "உங்களுக்கு எதற்கு இந்தக் குப்பை" என்று பையில் போட்டுக்கொண்டார். கோடு போட்ட நோட்டுத் தாளில் 'ஜன்னல் வேலை – 10,850' என்று எழுதித் தந்தார். கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, எந்தப் பொருள் எத்தனை என்பதும் இல்லை. பணத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பினேன். பின்னால் கையில் நின்ற ஒரே ஆதாரம் அதுதான்.

அக்டோபர் முடிவதற்குள் எல்லாக் கைப்பிடிகளிலும் திருகுகளின் தலையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வெள்ளைச் சட்டத்தின் மேல் கண்ணீர்போல் இறங்கியிருந்தது. கைப்பிடியின் அடிப்பக்கத்தில் அம்மைக் கொப்புளம்போலப் பூச்சு சின்னச் சின்னதாய் எழும்பியிருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாய் மாவு. துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். ஜன்னலைப் பூட்ட முன்போலவே இரண்டு கை வேண்டியிருந்தது. புதிதல்லவா, பழகினால் சரியாகிவிடும் என்று அவர் தொலைபேசியில் சொன்னதையும் நம்பினேன்.

டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையை விட்டு நகராமல் நின்று கொட்டிய நாள். மின்சாரம் முந்தின இரவே போய்விட்டது. விடியற்காலையில் காற்று திசை மாறி, அப்பாவின் ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. அரைகுறையாகப் பூட்டியிருந்த கைப்பிடியை முழுதாகத் திருப்பப் பார்த்திருக்கிறார். என்னை எழுப்பவில்லை. சத்தம் கேட்டு நான் ஓடியபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் கைப்பிடி மட்டும் தனியாக இருந்தது. இடது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். ஜன்னல் கதவு வெளியே அடித்துக்கொண்டிருந்தது. மெத்தை முழுவதும் நனைந்துவிட்டது. "ஒன்றும் இல்லையம்மா, நீ முதலில் ஜன்னலைப் பார்" என்றார்.

எதிர் வீட்டுப் பையன் கைப்பேசி வெளிச்சத்தில் செய்த காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும், யாருக்காவது உதவும். கைப்பிடியின் அடித்தகட்டை மூடியிருக்கும் மெல்லிய மூடியைப் பக்கவாட்டில் திருப்பினால் மேலும் கீழுமாக இரண்டு திருகுகள் தெரியும். அவற்றைக் கழற்றி உடைந்ததை எடுத்துவிட்டு, பூட்டியிருந்த வேறொரு ஜன்னலின் கைப்பிடியைக் கழற்றி வந்து அந்த ஓட்டையில் செருகித் திருப்பினான். ஜன்னல் பூட்டிக்கொண்டது. கைப்பிடி இல்லாமலே பூட்டிய ஜன்னல் பூட்டியபடிதான் இருக்கும். உள்ளே இருக்கும் கியர் பெட்டிதான் பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. கைப்பிடியும் அதன் பின்னால் நீண்டிருக்கும் சதுரத் தண்டும் அதைத் திருப்ப உதவுபவை, அவ்வளவே. அன்று தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடிந்து மருத்துவமனைக்குப் போகவே இரண்டு நாள் ஆனது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஆளை அழைத்தேன். முதலில் எடுக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது, "புயலுக்கெல்லாம் வாரண்டி கிடையாது மேடம், இயற்கைச் சீற்றம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதோடு அந்த எண் என்னைப் பொறுத்தவரை செத்துப்போனது.

உடைந்த கைப்பிடியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் அண்ணாச்சி உலோகத்தைக் கையில் வாங்கும்போதே பாதி சொல்லிவிடுவார். உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிக் காட்டினார். எவர்சில்வர் இப்படி முறியாது, வளையும் என்றார். உள்ளே ஈரமணல்போலச் சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காக இருந்தது; நடுவில் மிளகு அளவுக்கு ஒரு காற்றுப் பொந்து. அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். மேலே இருந்த பளபளப்பு தோல்போல உரிந்தது. "வார்ப்புச் சரக்கு அம்மா. துத்தநாகம். மேலே குரோமியம் முலாம்." காந்தம் ஒட்டவில்லையே அண்ணாச்சி என்றேன். "துத்தநாகத்தில் காந்தம் எங்கே ஒட்டும்? பித்தளையில் ஒட்டுமா, அலுமினியத்தில் ஒட்டுமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பளபளக்கும் ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் காந்தத்தைக் காட்டினால் அந்தப் பாடம் நினைவுக்கு வருவதில்லை. அண்ணாச்சி தன் கடைக் காந்தம் ஒன்றை எடுத்துக் கைப்பிடியின் திருகுகளில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. சாதாரண இரும்புத் திருகுகள்.

இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதற்கு 'இது சாதாரண இரும்பு இல்லை' என்பது மட்டுமே பொருள். பொதுவாக, அசல் எவர்சில்வரிலேயே மட்டமான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, 304 தரத்திலும் ஒட்டாது, 316 தரத்திலும் ஒட்டாது. 316 தரத்தில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. உப்புக்காற்றைத் தாங்க வைப்பது அதுதான். கண்ணாலோ காந்தத்தாலோ அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே, தரம் எண்ணோடு ரசீதில் எழுதித் தராதவர் வாயால் சொல்லும் 316க்கு எந்த மதிப்பும் இல்லை.

துத்தநாக வார்ப்பு என்றாலே மோசம் என்று நான் சொல்லவரவில்லை. பெயர்பெற்ற நிறுவனங்களின் நல்ல கைப்பிடிகள் பலவும் அதில் செய்தவைதான். வார்ப்பு பொந்தில்லாமல் இருக்கிறதா, மேல்பூச்சு தடிப்பாக இருக்கிறதா என்பதே கேள்வி. முலாம் பூசிய மட்டரக வார்ப்பை எவர்சில்வர் என்று சொல்லி மூன்று மடங்கு விலைக்கு விற்றதுதான் மோசடி.

ஜனவரியில், இன்னொரு குடியிருப்பில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் ஓர் இளைஞரை விசாரித்து வரவழைத்தேன். அவர் வந்ததும் செய்த முதல் வேலை, ஜன்னலை முழுதாகத் திறந்து, திறந்த நிலையிலேயே கைப்பிடியைத் திருப்பிப் பார்த்ததுதான். வெண்ணெய்போலத் திரும்பியது. மூடிவிட்டுத் திருப்பினால் இறுகியது. "கியர் பெட்டியில் குறை இருந்தால் திறந்திருக்கும்போதும் இறுக வேண்டும் அம்மா. இது கதவு தொங்கியிருக்கிறது. பூட்டுமுளை சட்டத்தில் இருக்கும் கொண்டியில் இடிக்கிறது" என்றார். கதவைத் தாங்கும் உலோகக் கைகளில் திருகைச் சரிசெய்து, ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் தூக்கினார். மணல் அப்பியிருந்த பாதையைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். ஒரு விரலால் பூட்ட முடிந்தது. ஆகஸ்டில் செய்திருக்க வேண்டிய வேலை மொத்தமே இவ்வளவுதான். இந்த ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். கருவி எதுவும் வேண்டாம். திறந்து வைத்துத் திருப்புங்கள், மூடி வைத்துத் திருப்புங்கள். வித்தியாசம் தெரிந்தால் கியர் பெட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பிறகு 'மாற்றிய' கியர் பெட்டியை வெளியே எடுத்துக் காட்டினார். மாற்றாத மூன்று ஜன்னல்களில் இருந்த அதே முத்திரை, அதே ஒன்பதாண்டு அழுக்கு. அதைப் பிடித்திருந்த திருகுகளின் தலையில் திருப்புளி பட்ட சுவடே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஆள் எதையும் மாற்றவில்லை. பையில் போட்டுக்கொண்ட பழைய பெட்டிகள் எந்த வீட்டிலிருந்து வந்தவையோ.

சமையலறையில் கைப்பிடி பிடிப்பே இல்லாமல் சுற்றத் தொடங்கியிருந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் ஜன்னல்களுக்குக் கைப்பிடியின் சதுரத் தண்டு அடித்தகட்டிலிருந்து 35 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். அவர் மாட்டியது 25. தண்டின் நுனி நான்கைந்து மில்லிமீட்டர்தான் கியர் பெட்டியைக் கவ்வியிருந்தது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அந்தச் சதுர ஓட்டையின் மூலைகளைத் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கிவிட்டது. நன்றாக இருந்த கியர் பெட்டியை உண்மையிலேயே கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இத்தனைக்கும் கைப்பிடி வாங்குவது கடினமான கலை அல்ல. எங்களுடையது போன்ற ஜன்னல்களில் பார்க்க வேண்டியவை சில அளவுகள்தான்: இரண்டு திருகுகளின் மையத்துக்கும் மையத்துக்கும் உள்ள தூரம், பெரும்பாலும் 43 மில்லிமீட்டர், சதுரத் தண்டின் பருமன், பெரும்பாலும் 7 மில்லிமீட்டர், தண்டின் நீளம், இதுதான் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும், இதில்தான் ஏமாற்றுவார்கள். சில அலுமினிய ஜன்னல்களில் சதுரத் தண்டுக்குப் பதில் இரட்டைப் பல் முள்கரண்டி போல இருக்கும். அதற்கு இது பொருந்தாது. கைப்பிடி ஒரு பக்கமாக வளைந்த வகை என்றால் இடக்கை, வலக்கை என்று இரண்டு உண்டு. இதையெல்லாம் எழுதிக்கொள்வதைவிடப் பழைய கைப்பிடியையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைக்கோ பக்கத்துக் கடைக்கோ போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது. பழைய பொருளை எந்தக் காரணத்துக்காகவும் வேலையாளிடம் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் அளவுகோல், உங்கள் சாட்சி.

இரண்டாம் முறை ஆன செலவு: தடிப்பான பவுடர் பூச்சு உள்ள அலுமினியக் கைப்பிடி ஐந்து, ஒன்று 480 ரூபாய் வீதம் 2,400, சமையலறைக்கு உண்மையான கியர் பெட்டி 950, கூலி 800. ஆக 4,150 ரூபாய், ஜிஎஸ்டி ரசீதோடு. திருகுகள் எவர்சில்வர். பத்து மாதம் ஆகிறது, ஒரு கோடுகூட இறங்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். ரசீது இல்லாததால் பணம் அனுப்பிய பதிவையும், உடைந்த கைப்பிடியின் படங்களையும், புதிய இளைஞர் எழுதித் தந்த குறிப்பையும் இணைத்தேன். அந்த ஆளுக்குக் கடையும் இல்லை, முகவரியும் இல்லை; அதனால் அது அங்கேயே நிற்கிறது. உங்களிடம் முகவரியோடு ரசீது இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

அப்பாவின் கை இப்போது கூடிவிட்டது. ஆனால் மழை வந்தால் ஜன்னல் பக்கம் அவர் கையை நீட்டுவதில்லை, என்னைக் கூப்பிடுகிறார். உடைந்த கைப்பிடி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போன வாரம் எங்கள் லிஃப்ட் அருகே அதே துண்டுப் பிரசுரம் வேறொரு எண்ணோடு மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. கிழித்துவிட்டு, சங்கச் செயலாளரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். கொட்டிவாக்கம், திருவான்மியூர், பாலவாக்கம் பக்கம் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக் கைப்பிடித் திருகுகளின் கீழே பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மழைக்காலம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.