யுனிவர்சல் கிரெடிட்: ஐந்து வாரக் காத்திருப்பும் அதற்குப் பின் விழும் ஓட்டும்

பிரிட்டனில் வேலை போனவர், வேலை இருந்தும் சம்பளம் பத்தாதவர், உடம்பு முடியாதவர் பெரும்பாலும் போய் நிற்க வேண்டிய கவுண்டர் இன்று யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைதான். 2025-இல் சுமார் 80 லட்சம் பேர் இதில் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டே வாங்கினார். இத்தனை பேர் புழங்கும் ஒன்றை, வங்கி ஆப்பையோ மின் இணைப்பையோ எடைபோடுவது மாதிரி சேவையாகவே எடைபோட்டுப் பார்க்கலாம். தாராளமயப் பொருளாதாரக் கொள்கை தொழிலாளர் ஓட்டைத் தீவிர வலதுசாரிகள் பக்கம் தள்ளியது என்று பொதுவாகச் சொல்வது சுலபம். எந்த இடத்தில், எந்த விதியால், எத்தனை பவுண்டால் தள்ளியது என்று பார்க்க இந்தச் சேவையைவிட நல்ல இடம் கிடையாது.

பின்னணி சுருக்கமாக. வீட்டு வாடகை உதவி, குழந்தைகளுக்கான வரிச்சலுகை, வேலையில்லாதோர் படி என்று தனித்தனியாக இருந்த ஆறு உதவிகளை ஒன்றாக்கும் திட்டத்தை 2010-இல் அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் அறிவித்தார். 2012-இல் சட்டம். 2013 ஏப்ரலில் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஆஷ்டன்-அண்டர்-லைனில் முதல் விண்ணப்பம். 2017-க்குள் நாடு முழுக்க முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. 2018-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது ஒரு விண்ணப்பத்தைக் கையாள 699 பவுண்டு ஆகிக்கொண்டிருந்தது; இலக்கு 173. ஆறை ஒன்றாக்கும் யோசனை மோசமானதல்ல, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய முறையில் வாரத்துக்கு 16 மணிநேரத்தைத் தாண்டி வேலை செய்தால் ஒரு உதவி அறுந்து இன்னொன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த வெட்டு இதில் இல்லை. கெட்டுப்போனது அமைப்பில்.

விண்ணப்பம் ஆன்லைனில். அனுப்பும் தேதியே உங்கள் மாதக் கணக்கின் தொடக்க நாள், பிறகு அதை மாற்ற முடியாது. வேலை போன அன்றே விண்ணப்பித்தால், கடைசிச் சம்பளம் முதல் கணக்கு மாதத்துக்குள் வந்து விழுந்து முதல் உதவியைத் தின்றுவிடும். கையில் கொஞ்சம் இருந்தால் கடைசிச் சம்பளம் வந்த மறுநாள் அனுப்புவதே புத்திசாலித்தனம். ஆனால் தாமதித்த நாட்களுக்குப் பின்தேதியிட்டு வாங்குவது கடினம். அதிகபட்சம் ஒரு மாதம், அதுவும் குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும். இந்த முடிவை, வேலை போன வாரத்திலேயே, யாரும் சொல்லித்தராமல் நீங்கள் எடுக்க வேண்டும்.

பிறகு காத்திருப்பு. ஒரு மாதம் கணக்கு, அதற்கு மேல் ஏழு நாள். ஆக ஐந்து வாரம். 2018 பிப்ரவரி வரை ஆறு வாரமாக இருந்தது. சம்பளம் மாதாமாதம் வருவது போல உதவியும் வந்தால் ஜனங்களுக்கு வேலைப் பழக்கம் வரும் என்பது இதற்குச் சொன்ன காரணம். கிடங்கு, சுத்தம் செய்தல், முதியோர் பராமரிப்பு வேலைகளில் பலருக்கு வாரக் கூலி என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வாடகையோ ஐந்து வாரம் காத்திருக்காது. அதற்கு அட்வான்ஸ் தருகிறார்கள், முதல் மாதத் தொகை முழுவதும் வரை. அது கடன். 24 மாதத்துக்குள் பிடித்துக்கொள்வார்கள். 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து இப்படிப் பிடிப்பதற்கான பொது உச்சவரம்பு அடிப்படைத் தொகையில் 15 சதவீதம். அதற்கு முன் 25. தனியாக வாழும் 25 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2025–26-இல் அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு. அதில் 60 போனால் மீதி 340. அதனால் அட்வான்ஸ் முழுதாகக் கிடைக்கிறதென்று முழுதாக வாங்காதீர்கள். வாடகைக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவோ அவ்வளவு.

பாதுகாப்புக்காக வந்தவரைச் சேவை முதல் நாளே கடன்காரராக்கி உட்கார வைக்கிறது என்பதைக் கவனியுங்கள். அரசியல் இங்கேயே ஆரம்பிக்கிறது.

அடுத்தது வேலை செய்பவர்களுக்கான கழிவு விகிதம். முதலில் 65 சதவீதம், 2017-இல் 63, 2021 இறுதியில் 55. கையில் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவியில் 55 பென்ஸ் குறையும். வருமான வரி வரம்பைத் தாண்டிய ஒருவர் கூடுதலாக 100 பவுண்டுக்கு வேலை செய்கிறார் என்று வையுங்கள். வரி 20, தேசியக் காப்பீடு 8, கைக்கு 72. அதில் 55 சதவீதம், அதாவது 39.60, உதவியில் வெட்டு. மிஞ்சுவது 32.40. ஆண்டுக்கு 1,25,140 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவர்கூட கூடுதல் வருமானத்துக்கு வரியும் தேசியக் காப்பீடும் சேர்த்து 47 சதவீதம்தான் கட்டுகிறார். ‘வேலை செய்தால் லாபம்’ என்பதுதான் இந்தச் சேவையின் விளம்பர வாசகம். கேர் ஹோமில் கூடுதல் ஷிஃப்ட் பார்ப்பவர் சம்பளச் சீட்டையும் உதவிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அவருக்கு யாரும் அரசியல் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கருவியில் மோசமான கோளாறு தேதிக் கோளாறு. ஒரு உதாரணம். உங்கள் கணக்கு மாதம் 28 முதல் 27 வரை; சம்பளத் தேதி 28. 2025 செப்டம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை, அதனால் முதலாளி 26-ஆம் தேதி வெள்ளியன்றே போட்டுவிடுகிறார். இப்போது ஆகஸ்ட் 28 சம்பளமும் செப்டம்பர் 26 சம்பளமும் ஒரே கணக்கு மாதத்துக்குள். அடுத்த மாதத்தில் சம்பளமே இல்லை. குழந்தையும் இருந்து வாடகை உதவியும் வாங்குபவர் என்றால் 2025–26-இல் மாதம் 411 பவுண்டு வரை சம்பாதிப்பதில் கை வைக்க மாட்டார்கள். இரண்டு சம்பளம் ஒன்றாக விழுந்த மாதத்தில் அந்தச் சலுகை ஒருமுறைதான். சம்பளமில்லாத மாதத்தில் அது வீண். நிகர நஷ்டம் 411-இல் 55 சதவீதம், 226.05 பவுண்டு. வேலை குறையவில்லை, சம்பளம் குறையவில்லை, காலண்டரில் ஒரு ஞாயிறு வந்தது, அவ்வளவுதான். நாலு தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் நிலை அறிவுக்குப் பொருந்தாதது என்றது. அந்த நவம்பர் முதல் மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு சம்பளத்தை வேறு கணக்கு மாதத்துக்கு மாற்ற வழி இருக்கிறது. மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். மாறவில்லையென்றால் உங்கள் இணையக் கணக்கில் உள்ள ஜர்னலில் எழுதிக் கேளுங்கள், ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோருங்கள், அதுவும் தோற்றால் தீர்ப்பாயம். நாலு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது. அவர்களுக்கு வருஷத்தில் 13 சம்பளம், ஒரு மாதம் இரட்டையாக விழும். அதற்கு அடுத்து வரும் உதவி மெலிந்திருக்கும். தெரிந்து வைத்துக்கொண்டு ஒதுக்கி வைப்பது ஒன்றே வழி.

ஜர்னல் என்பது உங்களுக்கும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப்சென்டருக்கும் நடுவே உள்ள இணையப் பக்கம். ஜர்னலைப் பாருங்கள் என்று போனுக்கு எஸ்.எம்.எஸ் வரும், என்ன விஷயம் என்று அதில் இருக்காது. உள்ளே போனால் ஒரு சந்திப்புத் தேதி. தவறினால் தண்டனை: அடிப்படைத் தொகை முழுதும் நிற்கும், நீங்கள் தொடர்புகொள்ளும் வரை, அதற்கு மேல் முதல் தடவை ஏழு நாள். கொடுத்த வேலையை மறுத்தால் 91 நாள். வாரத்துக்கு 35 மணிநேரம் வேலை தேட வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. 2019 வரை உச்சத் தண்டனை மூன்று வருஷம் என்றால் நம்பக் கடினம். இப்போது ஆறு மாதம். தண்டனைக் காலத்தில் பட்டினி தாங்காமல் நெருக்கடிப் பணம் கேட்டால் கிடைக்கும், அதுவும் கடன். ஜாப்சென்டரில் எதிரில் உட்காரும் அலுவலரான ஒர்க் கோச் பல நேரம் நல்ல மனிதராகவே இருப்பார். ஆனால் தொகையைக் கணக்கிடுவது அவரல்ல, தண்டனையைத் தீர்மானிப்பவர் வேறெங்கோ முகம் தெரியாமல் இருப்பவர். கோபம் வந்தால் போய்க் கத்தக்கூட ஆள் இல்லாத சேவை இது.

யுனிவர்சல் கிரெடிட்டோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்: 2013 ஏப்ரலில் வந்த, ஜனங்கள் ‘பெட்ரூம் டாக்ஸ்’ என்று பெயர் வைத்த வெட்டு. உள்ளாட்சி வாடகைக்குத் தரும் கவுன்சில் வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால், உதவிக்குக் கணக்கிடும் வாடகையில் 14 சதவீதம், இரண்டு என்றால் 25 போகும். சின்ன வீட்டுக்கு மாறிக்கொள் என்பது கட்டளை. சின்ன வீடு எங்கே? 1980 சட்டத்துக்குப் பின் கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடியில் விற்றார்கள், விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. ஒரே படுக்கையறை உள்ள வீட்டுக்குப் பல ஊர்களில் நீண்ட வரிசை. வரிசையில் நிற்பவர் கண்ணுக்கு 33 வருஷத்துக்கு முந்தைய சட்டம் தெரியாது. அவருக்கு முன்னால் நிற்பவர் தெரிவார். அந்த ஆள் வேறு மொழி பேசினால், மிச்சக் கதையை எழுதித்தர ஒரு கட்சி தயாராக இருந்தது.

உண்மையில் வந்தேறிகளுக்குக் கதவு இறுகிக்கொண்டேதான் வந்தது. 2014-இல் புதிதாக வேலை தேடி வரும் ஐரோப்பியர்களுக்கு மூன்று மாதக் காத்திருப்பு வந்தது, வாடகை உதவி நின்றது. வேலை விசா, மாணவர் விசா பெரும்பாலானவற்றில் அரசு உதவி எதையும் தொடக்கூடாது என்று நிபந்தனை உண்டு. அங்கே குடியேறிய தமிழர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, விசா அட்டையிலேயே பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்டவரைக் காட்டித்தான் உன் பணத்தைத் தின்றவன் இவன் என்றார்கள். எடுபட்டது.

எடுபட்டது என்பதற்குக் கணக்கு உண்டு. வார்விக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் தீமோ ஃபெட்சர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, உதவி வெட்டுகள் கடுமையாக விழுந்த பகுதிகளில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்ற யூகிப் கட்சிக்கு ஆதரவு ஏறியதையும், தனி ஆட்கள் மட்டத்திலும் அதே போக்கு தெரிவதையும் காட்டியது. வெட்டுகள் இல்லாமலிருந்தால் 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடரும் தரப்பே ஜெயித்திருக்கலாம் என்பது அதன் முடிவு. வித்தியாசம் 51.9-க்கு 48.1 என்பதால் இது மிகையான கூற்றல்ல. பிளாக்பூலைப் பாருங்கள்: 2010-க்குப் பிந்தைய வெட்டுகள் வேலை வயதினர் ஒருவருக்கு வருஷம் 900 பவுண்டுக்கு மேல் பறிக்கும் என்று ஷெஃபீல்ட் ஹாலம் ஆய்வாளர்கள் 2013-இலேயே கணித்த ஊர் அது. 2016-இல் 67.5 சதவீதம் வெளியேறும் பக்கம் போட்டது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சேவையைப் பயன்படுத்துபவர்களே வரிசையாகப் போய் யூகிப்புக்குப் போட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. ரொம்ப ஏழைகள் பலர் ஓட்டுச்சாவடிக்கே போவதில்லை. வெளியேறும் பக்கம் அதிகம் சாய்ந்தது முதியவர்கள். அவர்கள் பென்ஷனில் அரசு கை வைக்கவே இல்லை. ஆனால் அதே தெருவில்தான் அவர்களும் குடியிருந்தார்கள். 2010–11-க்கும் 2017–18-க்கும் இடையில் உள்ளாட்சிகளுக்கான மத்திய நிதி, விலைவாசி கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நூலகம் மூடினால், பஸ் நின்றால், மகளின் உதவித்தொகை வெட்டுப்பட்டு அவள் இலவச உணவு தரும் ஃபுட் பேங்கில் நின்றால், அது பென்ஷன்காரர் கண்ணிலும் படும்.

ஒரே சேவையை வேறு மாதிரியும் நடத்தலாம். வட அயர்லாந்தில் மாதம் இருமுறை பணம் வருகிறது, வாடகை நேரே வீட்டுக்காரருக்குப் போகிறது, இரண்டும் கேட்காமலேயே. ஸ்காட்லாந்தில் கேட்டால் கிடைக்கும். பெட்ரூம் டாக்ஸை அங்குள்ள அரசே ஈடுகட்டுகிறது. இங்கிலாந்தில் இதையெல்லாம் வாங்க, வாடகை பாக்கி சேர்ந்துவிட்டது போன்ற காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டும். கேட்கிற உரிமை இருக்கிறது, கேளுங்கள். அவ்விரண்டு பகுதிகளும் 2016-இல் ஒன்றியத்தோடு இருக்கவே ஓட்டுப் போட்டன. அதற்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு, இதோடு முடிச்சுப் போட மாட்டோம்.

மாற்றாக முளைத்தவர்கள் என்ன தருகிறார்கள்? யூகிப்பின் வழியில் வந்த ரிஃபார்ம் கட்சி 2024 பொதுத்தேர்தலில் 14.3 சதவீதமும் ஐந்து இடங்களும் வாங்கியது. கிளாக்டன் தொகுதியில் அதன் தலைவர் நைஜல் ஃபராஜ் ஜெயித்தார். இங்கிலாந்தின் மிக ஏழ்மையான பகுதி என்று அரசுப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப முதலிடம் பிடித்த ஜேவிக் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. அந்தத் தேர்தலுக்கு அவர்கள் தந்த உறுதி: நாலு மாதத்துக்குள் வேலை, அல்லது இரண்டாவதாக வரும் வேலையையாவது ஏற்க வேண்டும், இல்லையேல் உதவி ரத்து. மேலே சொன்ன தண்டனை விதிகளைவிட இது இறுக்கம். இதே ஃபராஜ் 2025 மே மாதம், மூன்றாவது குழந்தைக்கு உதவி இல்லை என்ற 2017 விதியை எடுக்கச் சொன்னார். பிறகு பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு, வேலை செய்யும் பெற்றோருக்கு என்று வட்டம் சுருங்கியது.

அந்த விதியை 2026 ஏப்ரலிலிருந்து எடுப்பதாக லேபர் அரசு 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தது. ஆனால் ஒரு குடும்பம் மொத்தமாக வாங்கும் உதவிக்கு 2023-இல் வைத்த உச்சவரம்பு, லண்டனில் வருஷம் 25,323, மற்ற இடங்களில் 22,020 பவுண்டு, அப்படியே நிற்கிறது. ஏற்கனவே அந்த வரம்பில் இடித்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு மூன்றாவது குழந்தைக்கான தொகை ஒரு வரியில் ஏறும், அடுத்த வரியில் கழியும். செய்தியில் கேட்டதும் கணக்கில் பார்ப்பதும் ஏன் ஒத்துவரவில்லை என்று அந்தத் தாய் ஜர்னலில்தான் எழுதிக் கேட்க வேண்டும்.