காதோடு காது: அறிமுக ஆட்டமாகத் தேறுமா?

கேரளத்தின் பாலக்காடு, சித்தூர் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து உட்காரும் பயிற்சி வகுப்புக்கு இதைவிடச் செலவில்லாத அறிமுக ஆட்டம் கிடையாது. ஒரு துண்டுச்சீட்டு போதும்: அதில் எழுதிய வாக்கியத்தை முதல் ஆள் அடுத்தவர் காதில் மெல்ல ஓத, அது காதோடு காதாகக் கடைசி ஆள்வரை போக வேண்டும். 8 முதல் 12 பேர் சரி. 20 பேரானால் இரண்டு வரிசையாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் கடைசி ஆள் சலித்துவிடுவார். வாக்கியத்தில் 7, 8 சொற்கள் இருக்கட்டும். 3 சொல்லென்றால் சிதையாமலே வந்து சேரும். ஒரே தடவைதான் ஓத வேண்டும்.

'வெள்ளம்', 'பட்டி' இரண்டையும் வாக்கியத்தில் நுழையுங்கள். தமிழில் அவை ஆற்றுப்பெருக்கும் ஆடுமாடு அடைக்கும் கிடையும்; மலையாளத்தில் தண்ணீரும் நாயும். சிரிப்பு வெடிப்பதே அங்கேதான்! முடிந்ததும் சீட்டைப் படித்து, கடைசியிலிருந்து ஒவ்வொருவரும் கேட்டதைச் சொல்ல வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பாதிச் சுவை போய்விடுகிறது.

குறை ஒன்று: பெயர்கள் மனதில் நிற்பதில்லை. ஓதுமுன் அவரவர் பெயரை உரக்கச் சொல்லவையுங்கள். காது மந்தமானவரிடம் சீட்டு எழுதும் பொறுப்பைக் கொடுங்கள்.