ஐசிடி பேட்டரி மாற்றிய பிறகு: அந்த எச்சரிக்கை ஒலி மீது என் கோபம்

பேட்டரி தீர்ந்துபோனதால், இதயத் துடிப்பு தறிகெட்டால் ஷாக் கொடுத்துச் சீராக்க மார்பில் பொருத்தியிருக்கும் ஐசிடி கருவியை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒயர்கள் பழையவையே, இடது காறையெலும்புக்குக் கீழே தோலைத் திறந்து பெட்டியை மட்டும் மாற்றினார்கள். தோழியின் மகனுக்கும் நீண்ட க்யூடி நோய் என்ற இதய மின்னோட்டக் கோளாறு, என்னைப் போலவே அதில் இரண்டாம் வகை. "கருவி வைத்துவிடலாமா? நீதான் சொல்ல வேண்டும்" என்கிறாள்.

கருவி தன் கடமையைச் செய்தது. நான் மயங்கி விழுந்த அன்று, தறிகெட்டு ஓடிய துடிப்பை ஒரே ஷாக்கில் நிறுத்தியது. உயிரோடு இருக்கிறேன்.

ஆனால் அந்த ஒலி! பேட்டரி மாற்றும் கட்டம் வந்ததும், தினமும் விடியற்காலையில் மார்புக்குள்ளிருந்து கூவத் தொடங்கியது. இந்த நோயின் முதல் வகைக்காரர்களுக்கு நீச்சலும் ஓட்டமும் எப்படி ஆபத்தோ, இரண்டாம் வகைக்காரர்களுக்குத் திடீர் ஓசை அப்படி. அலாரம், தொலைபேசி மணி எதுவும் ஆகாது. கேசிஎன்எச்2 மரபணுவில் பிழை இருப்பதால், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியேறுவது தாமதமாகிறது. இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராக நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் திடுக்கிட்டு அட்ரினலின் பாய்ந்தால் துடிப்பு தடம் புரளலாம். படுக்கையறையில் தொலைபேசியே வைக்காதவள் நான். என் மார்புக்குள் ஒரு மணியை வைத்து, அதையும் உறக்க நேரத்துக்குக் குறித்துவிடுவது என்ன நியாயம்?

எச்சரிக்கை தேவைதான், மறுக்கவில்லை. பேட்டரி தீர்வதோ ஒயர் பழுதாவதோ தெரியாமல் போனால் ஆபத்து. ஒலியும் சன்னமானதுதான், அதனால் என் துடிப்பு ஒருமுறையும் தப்பவில்லை. ஆனால் நேரத்தை மாற்றுவது மருத்துவமனையில் உள்ள, ஐசிடியின் அமைப்புகளை மாற்றும் ப்ரோகிராமர் கணினியில் சில நிமிட வேலை. இரண்டாம் வகை என்று கோப்பில் எழுதியிருந்தும் யாருக்கும் அது தோன்றவில்லையே! புதிய கருவி அதிர்ந்து உணர்த்துகிறது. அது பரவாயில்லை.

நான் மனம் நிறைந்து பாராட்டுவது, அட்ரினலினின் தாக்கத்தை அடக்கும் நடோலால் மாத்திரையை. இந்த நோய்க்கு, அதே வகை மாத்திரையான மெட்டோப்ரோலாலைவிட நடோலாலும் ப்ரோப்ரனலாலும் நன்றாக வேலை செய்கின்றன. சத்தமில்லை, தழும்பில்லை. வேளை தவறாமல் போட வேண்டும், அவ்வளவுதான். கூடவே, வாந்திபேதியில் பொட்டாசியம் குறையவிடக் கூடாது. க்யூடியை இன்னும் நீட்டிவிடும் டோம்பெரிடோன், ஆன்டான்செட்ரான், எரித்ரோமைசின் போன்ற மருந்துகளை யார் எழுதித் தந்தாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

தோழி, கருவியால் பிழைத்தவளே சொல்கிறேன்: உன் மகனுக்கு இப்போது கருவி வேண்டாம் என்பதே என் எண்ணம். இதயம் நின்று மீண்டவர்களுக்கும், மாத்திரை சாப்பிட்டும் மயங்கி விழுபவர்களுக்கும்தான் அது முதலில். அவனுக்கு மயக்கமே வந்ததில்லை. ஈசிஜியில் அளக்கும் க்யூடி இடைவெளியும் 500 மில்லிசெகண்டுக்குள் இருக்கிறது. மருத்துவரும் மாத்திரையில் தொடங்கலாம் என்றுதானே சொல்கிறார்? அதைக் கேள். பெரும்பாலும் இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. நீங்கள் இருவரும் ஈசிஜி எடுத்துவிட்டீர்களா?

பின்னாளில் கருவி வைக்க நேர்ந்தால், வீடு திரும்பும் முன் எச்சரிக்கை ஒலி எத்தனை மணிக்கு வரும் என்று கேள். அங்கேயே ஒருமுறை ஒலிக்கவிட்டுக் காட்டச் சொல். பகல் நேரத்துக்கு மாற்றித் தரும்வரை நாற்காலியைவிட்டு எழாதே.